ஹவோத் லாஸ் வண்டியின் பின்பாதி

இத்வால் அதைப் பற்றி முதலில் சொன்னபோது நான் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். மழை விட்டும் விடாத நேரம். அவர் முற்றத்துக்குள் வந்து, என் லேண்ட் ரோவரின் பின்னால் போய் நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. வந்த உடனே பேசுகிறவர் இல்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. வாளி காலியாகும்வரை தீனியை இறைத்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு ஒரு ஜோடி பண்ணலாம்னு இருக்கேன்" என்றார்.

"எதுக்கு?"

"இந்த வண்டிக்கு. ட்ரெய்லர். என் வண்டியோட பின்பாதிய வெட்டி."

நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். "உங்க வண்டிய வெட்டிட்டா நீங்க எதுல போவீங்க?"

"அது ஓடி எவ்வளவோ நாளாச்சே. எஞ்சின் போச்சு. பின்பாதி நல்லா இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "வீணாப் போகுது" என்றார்.

டீ குடிக்கக் கூப்பிட்டேன். பூட்ஸ் சேறு என்று சொல்லிவிட்டுச் சுவரேறிக் குதித்துத் தன் பக்கம் போய்விட்டார். அறுபது வயதுக்கு அவர் குதிப்பது நன்றாகவே இருக்கும். அதை நான் கவனித்தேன் என்பதையும் கவனித்தேன். அன்று முழுவதும் ஏனோ ஒரு வேலையும் ஓடவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் மேலே இருப்பது ஹவோத் லாஸ், கீழே இருப்பது என்னுடைய தானகிரைக். நடுவில் ஒரு கற்சுவர், அவ்வளவுதான். இங்கே ஒருவரைச் சொல்லும்போது பண்ணையின் பெயர்தான் முன்னால் வரும். அவர் ஹவோத் லாஸ் இத்வால், நான் தானகிரைக் மெரெரித். இரண்டு லேண்ட் ரோவர்களையும் அவருடைய அப்பாவும் என் மாமனாரும் எழுபதுகளில் ஒரே நாளில் போய் வாங்கினார்களாம். இரண்டும் ஒரே பச்சை. என் கணவர் ஆர்வெல் இருந்த காலத்தில், மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாட்களில் இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக ஏறுவதைப் பார்த்தால் ஒரே வண்டி இரண்டு தடவை போவதுபோல் இருக்கும். ஆர்வெல் போன பிறகு நான் ஒருத்தியாக அதை ஓட்டினேன். இத்வால் தனியாகத் தன்னுடையதை ஓட்டினார். அப்புறம் அவருடையது நின்றுபோனது.

மறுநாளிலிருந்து அவர் அளக்க வர ஆரம்பித்தார். தார்ப்பாயை என் வண்டிக்கு அடியில் விரித்து, மல்லாந்து படுத்து, டேப்பை இழுத்து ஏதேதோ முணுமுணுத்துக்கொள்வார். கால்கள் மட்டும் வெளியே தெரியும். கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஆக்சில் எங்கே வருகிறது, ஸ்பிரிங் பட்டைகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன. ஒரே அளவை ஏன் தினமும் வந்து எடுக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய வண்டியும் இதே அளவுதானே? வீட்டிலேயே அளந்திருக்கலாம். இதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று பட்டது. நிறுத்தினால் எனக்கு என்ன என்பதும் தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து டீக் கோப்பைகள் கழுவும்போது நெஸ்டா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆர்வெலின் தங்கை அவள். என் வயதுதான். பேச்சில் கத்தி வைத்திருப்பவள்.

"ஒரு ஆம்பள தினம் வந்து உன் வண்டிக்கு அடியில படுத்துட்டுப் போறானாமே."

"அளக்குறாரு."

"இந்த ஊர்ல எல்லாரும் உன்னத்தான் அளந்துட்டிருக்காங்க. என்னவாம்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோப்பையைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அவன் வண்டிய வெட்டி உன் வண்டிக்குப் பின்னால கோக்கப் போறான். அப்படித்தான சொல்ற?"

"ஆமா."

"உனக்கு இதுல என்ன புரியல?"

"எதுவுமே புரியல நெஸ்டா."

"கண்ணு, இது சீர்வரிசை. எங்கண்ணன் உன்னப் பொண்ணு கேக்க வந்தப்ப என்ன சொன்னான்?"

யோசித்தேன். ஆர்வெல் பெண் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. ஒரு நாள் என் அப்பாவின் தொழுவத்துக் கதவைச் சரி செய்தார். இன்னொரு நாள் கூரையில் பலகைக்கல் மாற்றினார். அதன் பிறகு எப்படியோ கல்யாணத் தேதி பற்றிப் பேச்சு வந்தது.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"பாத்தியா? இந்தப் பக்கத்து ஆம்பளைங்க வாயத் தொறந்து சொல்லி எவ கேட்டிருக்கா? இவன் பாதி வண்டியோட வரான். எங்கண்ணன் வெறும் சுத்தியலோட வந்தான். உனக்கு ஏத்தம்தான்."

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதை வேறு யாரோ எனக்குச் சொன்னதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டேன். அடுப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்து, எதிர் நாற்காலி காலியாக இருப்பதற்குப் பழகியிருந்தேன். பழகியதைச் சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டிருந்தேனா என்பதும் அன்று குழம்பிப்போனது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் மேலேயிருந்து இரும்பு வெட்டும் கிரைண்டர் சத்தம் கேட்டது. மதியம்வரை கேட்டது, பிறகு நின்றது. லோப்ஸ்கவ்ஸ் அதிகமாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆட்டுக்கறியும் கிழங்கும் கொதிக்கிற அந்தச் சட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினேன். அவருடைய நாய் மோட் பாதி வழியிலேயே வந்து மோப்பம் பிடித்துக் கூடவே நடந்தது.

கொட்டகையில் வண்டி இரண்டாகக் கிடந்தது. முன்பாதியை ஒரு மூலைக்குத் தள்ளி, தார்ப்பாயால் முகம் தெரியாதபடி மூடியிருந்தார். பின்பாதி கட்டைகள்மேல் நின்றது. அது என்னவோ அவமானப்பட்டதுபோல் எனக்குத் தோன்றியது. முன்னால் ஒன்றுமில்லாமல், இருக்கை இருந்த இடத்தில் வெறும் காற்று.

"வெட்டிட்டீங்களா?" என்றேன். கண்ணெதிரே கிடப்பதைப் பார்த்துக்கொண்டே.

"வெட்டிட்டேன்."

இருவரும் நின்றோம். சட்டியின் சூடு துணியைத் தாண்டி வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இன்னும் மங்கியது.

"எங்கிட்ட ஒரு ட்ரெய்லர் இருக்கு இத்வால்."

"அது நீளம். அதோட சக்கரம் வேற அகலம். மலைப்பாதையில உங்க வண்டி போட்ட தடத்துல அது வராது, பக்கத்துல சேத்துல எறங்கும். இது அப்படி இல்ல." குனிந்து ஆக்சிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் காட்டினார். "உங்க சக்கரம் எங்க போகுதோ அங்கயே இது வரும். ரெண்டுக்கும் ஒரே சக்கரம். ஒரு ஸ்டெப்னி போதும்."

"எதுக்குப் பண்றீங்க?"

வெளியே தகரத்தில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. மோட் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஆடு நக்குற உப்புக்கட்டி ஏத்தலாம்" என்றார். "வேலிக் கம்பு ஏத்தலாம். பனி காலத்துல தீவனம்."

நான் சட்டியை அவருடைய வேலைமேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். உப்புக்கட்டி. அதற்காக ஒரு மனிதன் அப்பா வாங்கிய வண்டியை இரண்டாக வெட்டுவானா?

ஜனவரியில் நெஸ்டா வீட்டுக்கே வந்தாள். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். எப்போதும் வந்ததும் கேலியில் ஆரம்பிப்பவள் அன்று கேலி செய்யவில்லை.

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"எது?"

"ஹவோத் லாஸ் குத்தகை முடியுது. நிலத்துக்காரர் மகனே வந்து பண்ணையப் பாத்துக்கப் போறானாம். மே ஒண்ணாந் தேதி இத்வால் வெளிய வரணும்."

குத்தகைகள் மே முதல் நாள் மாறுவது இங்கே வழக்கம்தான். அந்த வழக்கத்தில் இத்வாலை வைத்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"எப்பலேர்ந்து தெரியுமாம்?"

"போன இலையுதிர் காலத்துலயே கடுதாசி வந்துடுச்சாம்."

ட்ரெய்லர் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. கணக்கு சட்டென்று போட்டுவிட்டேன். அதன் விடைதான் என்னவென்று தெரியவில்லை.

"எங்க போறாராம்?"

"லாந்தித்னோல அக்கா வீடு. கடலப் பாத்த பங்களா. அவனுக்காக அவங்க ஒரு ரூம ஒழிச்சு, தையல் மெஷின மாடிப்படிக்கு அடியில தள்ளிட்டாங்களாம். அவங்களே எங்கிட்ட போன்ல சொன்னாங்க. பெரிய தியாகம் மாதிரி."

"அப்போ ஆடுங்க?"

கேட்டுவிட்டு நானே வெட்கப்பட்டேன். ஆடுகள் எங்கே போகும்? இந்த மலையில் ஆடு மனிதனுக்குச் சொந்தமில்லை, மலைக்குச் சொந்தம். எந்தச் சரிவு தன்னுடையது, எங்கே நிற்க வேண்டும் என்று தாய் ஆடு குட்டிக்குக் காட்டிக் கொடுக்கும். வேலியே இல்லாமல் அவை எல்லையில் நிற்பது அதனால்தான். பண்ணை கைமாறினால் மந்தை அங்கேயே நிற்கும், ஆள்தான் மாறுவான்.

"எல்லாம் நிக்கும். அவன் மட்டும் போவான்" என்றாள் நெஸ்டா. "அப்புறம் அவன எப்படிக் கூப்பிடறது? பங்களா இத்வாலா?"

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"அப்ப நீ சொன்னது?" என்றேன். "சீர்வரிசை?"

அவள் கையுறையை மடித்துப் பிரித்தாள். "தப்பாச் சொல்லிட்டேன் போல கண்ணு. அது ஞாபகத்துக்குக் குடுக்கறது. எடுத்துட்டுப் போக முடியாதத பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போறான்."

அவள் போன பிறகு நான் ஜன்னலில் நின்றேன். மேலே கொட்டகையில் வெல்டிங் வெளிச்சம் நீலமாக வெட்டி வெட்டி அடித்தது. ஒரே பொருள். கூட வருகிறேன் என்றும் சொல்கிறது, போய்வருகிறேன் என்றும் சொல்கிறது. எதைச் சொல்கிறது என்று கேட்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்டு, "உப்புக்கட்டி" என்று பதில் வந்தால் அதன் பிறகு அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? கேட்காவிட்டால் மே முதல் நாள் அவர் போய்விடுவார். என் முன்னால் இருந்தது இவ்வளவுதான். இதையே குளிர்காலம் முழுவதும் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

குட்டி போடும் பருவம் வந்தது. எல்லோரும் தூக்கமில்லாமல் அலைந்த வாரங்கள். ஒரு குட்டியை அவர் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு என் அடுப்புக்குக் கொண்டுவந்தார். அது சூடேறிக் காலை உதறும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், முதல் தடவையாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குத்தகை விஷயம் கேள்விப்பட்டேன்" என்றேன்.

"ம்."

"நீங்க சொல்லல."

"சொல்லணும்னுதான் அன்னிக்கு வந்தேன்." குட்டியின் காதைத் தடவினார். "கோழிக்குத் தீனி போட்டுட்டிருந்தீங்க."

அதற்கும் சொல்லாததற்கும் என்ன சம்பந்தம்? அடுப்பில் கட்டை சரிந்தது.

"மெரெரித், ஒண்ணு கேக்கலாமா?"

என் கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டு, "கேளுங்க" என்றேன்.

"மோட்ட வச்சுக்குவீங்களா? அக்கா வீட்டுல நாய் ஆகாது. கம்பளம் எல்லாம் வெள்ளையாம்."

"வச்சுக்கறேன்."

"அது உங்ககிட்ட பழகியிருக்கு."

"வச்சுக்கறேன்னு சொன்னேனே இத்வால்."

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் குட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தார். "சூப்பு நல்லா இருந்துது. டிசம்பர்ல" என்றார். போய்விட்டார்.

ஏப்ரலில் ட்ரெய்லர் தயாரானது. அவருடைய டிராக்டரில் இழுத்துவந்து என் முற்றத்தில் விட்டார். நான் சுற்றிவந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. என் வண்டியின் பின்பக்கம் தனக்குப் பின்னால் இன்னொன்றை ஈன்றதுபோல் அதே தொட்டி, அதே பின்கதவு, அதே சங்கிலி, அதே வட்ட விளக்குகள். பச்சையைக்கூட என் வண்டியின் வெயில்பட்டு வெளுத்த பச்சைக்கு ஏற்றபடி கலந்திருந்தார். வெட்டிய முன்பக்கத்தைத் தகடு வைத்து மூடி, சேஸிஸின் இரண்டு கம்பிகளையும் முக்கோணமாகச் சேர்த்துக் கொக்கியில் முடித்திருந்தார்.

நெஸ்டாவும் அன்று வந்திருந்தாள். பின்னால் குனிந்து பார்த்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். ட்ரெய்லருக்கென்று தனி நம்பர் கிடையாது. எந்த வண்டி இழுக்கிறதோ அதன் நம்பரைத்தான் மாட்ட வேண்டும். என் வண்டி நம்பரைப் புதிதாக அடித்து மாட்டியிருந்தார். ஆனால் பழைய பிளேட்டைக் கழற்றவில்லை. ஹவோத் லாஸ் வண்டியின் நம்பர் அடியில் அப்படியே இருக்க, அதன் மேலேயே என்னுடையதைத் திருகியிருந்தார். ஓரத்தில் பழையதன் கருப்பு விளிம்பு தெரிந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று முணுமுணுத்தேன்.

"எங்கிட்டக் கேக்காத. ரெண்டு தடவ சொல்லி ரெண்டும் தப்பாச்சு" என்றாள். பிறகு சத்தமாக, "ஏம்ப்பா இத்வால், பழச ஏன் கழட்டல?"

"துருப்பிடிச்ச ஸ்க்ரூ" என்றார் இத்வால். "வரல."

மறுநாள் காலை நான் தனியாக அதை வண்டியில் கோத்து மலைக்குப் போய் வந்தேன். அவர் சொன்னது உண்மை. ட்ரெய்லர் என் சக்கரத் தடத்திலேயே வந்தது, சேற்றில் ஒரு கோடுகூடப் புதிதாக விழவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. வண்டியும் அதுவும் ஒரே அகலம், முழுவதும் மறைந்துவிடுகிறது. இருக்கிறதா, கழன்று விழுந்துவிட்டதா என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும்தான் சிக்கல். என் வீட்டு முற்றம் பாறைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒடுக்கமாக இருக்கும். உள்ளே வண்டி திரும்ப இடமில்லை. ட்ரெய்லரோடு வந்தால் பாதையிலிருந்து ரிவர்ஸில்தான் உள்ளே போக வேண்டும். அது எனக்கு வந்ததே இல்லை. ஆர்வெல் பார்த்துக்கொள்வார். அவருக்குப் பிறகு, நீளமான அந்தப் பழைய ட்ரெய்லரை எடுக்கும்போதெல்லாம் இத்வால் சுவரேறிக் குதித்து வந்து, ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கி உள்ளே விட்டுவிட்டுப் போவார். இது சிறியதுதானே என்று துணிந்து நானே எடுத்தேன். அது உடனே மடிந்து, அதன் மூலை முற்றத்துக் கதவுத்தூணில் போய் இடித்தது. முன்னால் எடுத்து மறுபடி முயன்றேன். இந்தத் தடவை மறுபக்கம் மடிந்தது. கண்ணாடியில் தெரிந்தால்தானே திருத்த முடியும்? தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் இத்வால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"இடது பக்கம் போகணும்னா வலது பக்கம் ஒடிக்கணும்" என்றார்.

"அது எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியல." நான் எஞ்சினை அணைத்தேன். "நீளமானதே தேவலையே. சின்னது சுலபமா இருக்கும்னு நெனச்சேன்."

"சின்னதுதான் கஷ்டம். சட்டுன்னு மடியும்."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா பண்ணீங்க?"

அவர் சுவரின் மேல்கல்லில் கை வைத்தார். பாறையில் ஒரு காகம் இரண்டு தடவை கத்தி ஓய்ந்தது.

"நீங்க போயிட்டா இத யாரு உள்ள விடுவா?" என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தேடிய வாக்கியம் அதுவல்ல. ஆனால் வெளியே வந்தது அதுதான். அவர் ட்ரெய்லரைப் பார்த்தார், கதவுத்தூணைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். தன் வேலையில் ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்தவனின் முகம் அது. அவரும் என்னைப்போலவே குழம்பியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

"அத நான் யோசிக்கல" என்றார். "தடம் ஒண்ணா இருக்கணும்னு மட்டும்தான் யோசிச்சேன்."

சாவியை வாங்கி ட்ரெய்லரை உள்ளே விட்டார். போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வந்து, ட்ரெய்லரின் பின்மூலைகள் இரண்டிலும் குழாய்த் துண்டுகளை வெல்டு செய்து, அவற்றில் இரண்டு உயரமான கம்புகளைச் செருகினார். உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"இப்ப கண்ணாடியில தெரியும்" என்றார். "நீங்களே எடுக்கலாம்."

உண்மையிலேயே தெரிந்தது. நான் பழகிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் தூணில் இடிக்காமல் உள்ளே விட வந்துவிட்டது. ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு அந்த மனிதர் பதில் கொண்டுவந்திருந்தார். இரண்டு கம்பு.

மே முதல் நாள் வெயில் அடித்தது. அவருடைய சாமான்களை லாந்தித்னோவுக்கு நான் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. காலையில் வண்டியில் ட்ரெய்லரைக் கோத்தேன். கிளம்பும் முன் பின்னால் போய் நின்றேன். சிவப்புத் துணிகள் காற்றில் ஆடின. இரண்டு கம்புகளையும் குழாயிலிருந்து உருவி, வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். ஏன் செய்கிறேன் என்று அப்போது கேட்டிருந்தால் சரியான பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

ஹவோத் லாஸில் ஏற்ற அதிகம் இல்லை. ஒரு மேசை, இரண்டு பெட்டி, கருவிப்பெட்டி, ஒரு நாற்காலி. முன்பாதியைப் பழைய இரும்புக்காரன் ஏற்கெனவே தூக்கிப்போயிருந்தான். நாற்காலியை ஏற்றும்போது இத்வாலின் கை அந்த வெறும் குழாயில் பட்டது.

"கம்பு எங்க?"

"வீட்டுல வச்சிட்டேன்."

"அது இல்லாம எப்படி ரிவர்ஸ் எடுப்பீங்க?"

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் தூக்கிச் சங்கிலியை மாட்டினார். மாட்டிய சங்கிலியைக் கழற்றி மறுபடி மாட்டினார். மோட் முன் இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவே ஏறி உட்கார்ந்தது. மேல் சரிவில் ஆடுகள் தத்தம் இடத்தில் நின்றன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பாதையில் இறங்கினோம். எப்போதும் எங்களுக்குள் இருக்கிற மௌனம்தான், ஆனால் இன்று அது வண்டிக்குள் கொள்ளாமல் இருந்தது. என் முற்றத்துக் கதவு வந்தது. அதைத் தாண்டி நேரே போனால் பெரிய சாலை, கடல், வெள்ளைக் கம்பளம்.

நான் கதவைத் தாண்டி, ரிவர்ஸ் எடுக்க எவ்வளவு தூரம் முன்னால் போக வேண்டுமோ அவ்வளவு போய் நிறுத்தினேன். அதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் திட்டம் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் பாதை மட்டும்.

நான் இறங்கினேன். நடந்து போய்க் கதவை முழுவதும் திறந்து, கல்லால் அணை கொடுத்துவிட்டு, அங்கேயே தூணின் பக்கத்தில் நின்றேன்.

வண்டி நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இத்வாலின் பின்தலை தெரிந்தது. அது அசையவில்லை. நேரம் போனது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற இந்தப் பெண் யார், இவளுக்கு என்ன வேண்டும் என்று யாரையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டேன். அவர் இறங்கி வந்து, அக்கா காத்திருப்பாள் என்று சொன்னால், சரி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான். அதையும் செய்வேன். ஓட்டிப் போய் விட்டுவிட்டு, திரும்பி வந்து, கம்பைச் செருகி, நானே உள்ளே விடுவேன்.

அந்தத் தலை நகர்ந்தது. நாயைத் தாண்டி, இருக்கையின் நடுவில் தடுக்கி, ஓட்டுநர் பக்கம் வந்தது. கியர் விழும் சத்தம் கேட்டது.

அவர் கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணாடியிலும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஹவோத் லாஸ் வண்டியின் பின்பாதி மெல்ல ஒருக்களித்து, தூணுக்கு ஒரு கையளவு விட்டு, மேசை நாற்காலி பெட்டிகளோடு என்னைக் கடந்து உள்ளே போனது. அதன் பின்னால் என் வண்டி.

முற்றத்தின் கோடியில், பாறையின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி, விளக்கு வயரைப் பிடுங்கினார். கொக்கியைத் தூக்கினார். வண்டி வேறு, ட்ரெய்லர் வேறானது.

"சக்கரத்துக்கு வைக்க ஒரு கல்லு குடுங்க" என்றார்.

ஒரு பலகைக்கல் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதைச் சக்கரத்தின் அடியில் செருகிக் காலால் உதைத்து இறுக்கினார். பிறகு நிமிர்ந்து, எங்கே வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் பார்ப்பவர்போல் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"போன் பண்ணணும்" என்றார்.

"சமையலறையில இருக்கு."

"பூட்ஸ் சேறு."

"இருக்கட்டும்."

அவர் உள்ளே போனார். மோட் அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. நான் வெளியே ட்ரெய்லரின் பக்கத்தில் நின்றேன். ஒட்டுக் கேட்பது தப்பு என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். எண்களைச் சுழற்றும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் அக்கா பேசிக்கொண்டிருக்க வேண்டும். இவர் வழக்கம்போல் எதுவும் சொல்லாமல் நின்றிருக்க வேண்டும். வெகு நேரம் அப்படி. கோழிகள் ட்ரெய்லருக்கு அடியில் புகுந்து கிளற ஆரம்பித்தன.

"இல்லக்கா" என்று கடைசியில் குரல் கேட்டது. "இன்னிக்கு இல்ல."

அந்தப் பக்கம் அக்கா இன்னொன்று கேட்டிருக்க வேண்டும்.

"நாளைக்கும் இல்ல. அந்தத் தையல் மெஷின எடுத்து ரூம்லயே வச்சுக்கோ."